எல்லாரும் அதைத்தானே வாங்குறாங்க? கம்ப்யூட்டர் வாங்கப்போகும் சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள், லீ பஜார் மண்டிகள், அச்சகங்கள், ஏற்காட்டில் சில காப்பி எஸ்டேட் அலுவலகங்கள் என்று பல இடங்களுக்குக் கம்ப்யூட்டர், பில்லிங் சாஃப்ட்வேர், பிரிண்டர் எல்லாம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எதை வாங்கலாம் என்று பேச உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் "மத்தவங்க என்ன வெச்சிருக்காங்க?" என்ற இடத்தில் வந்து நிற்கும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியாமல், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதினேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஊரே வாங்குறதை நானும் வாங்குனா என்னங்க தப்பு?

பல சமயம் தப்பே இல்லை. ஊரோடு போவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல். நிறையப் பேர் வைத்திருப்பதாலேயே அந்தப் பொருள் உங்களுக்கு அதிகம் பயன்படலாம். அல்லது, நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நீங்கள் நம்பலாம். அல்லது, நாளைக்கு ஏதாவது ஆனால் "உன்னை யார் இதை வாங்கச் சொன்னது?" என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்ற பயம் இருக்கலாம்.

முதல் காரணம் கெட்டியானது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. மூன்றாவது காரணம் உங்கள் வேலைக்கு ஒரு உதவியும் செய்யாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

பொருள் அதே பொருள்தானே? கூட்டம் சேர்ந்தா மட்டும் அது எப்படி நல்லதாகும்?

ஊரில் ஒரே ஒருவரிடம் மட்டும் போன் இருந்தால் அதை வைத்து அவர் யாரோடு பேசுவார்? பத்துப் பேரிடம் இருந்தால் 45 ஜோடிகள் பேசிக்கொள்ளலாம். இருபது பேரானால் 190 ஜோடிகள். ஆள் இரண்டு மடங்கானால் இணைப்பு நான்கு மடங்குக்கு மேல் போகிறது. இதைத்தான் வலைப்பின்னல் விளைவு என்கிறார்கள்.

நம் ஊரில் இதை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பார்க்கலாம். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் அது. லீ பஜாரில் ஒரு மண்டிக்காரர் டேலி வாங்குவது அதன் அழகுக்காக இல்லை. மாதக் கடைசியில் பேக்கப்பை பென்டிரைவில் போட்டு ஆடிட்டர் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினால், அங்கே உள்ள பெண் அதை அப்படியே ரீஸ்டோர் செய்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையைத் தொடங்கிவிடுகிறார். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனால், டேலி தெரிந்த இன்னொருவர் ஒரு வாரத்தில் கிடைக்கிறார். இங்கே கூட்டம் உங்களுக்குத் தினமும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்தப் பிணைப்பு இன்னும் இறுகிவிட்டது.

அவ்வளவு பேரும் யோசிக்காமலா வாங்குவாங்க?

ஒவ்வொருவரும் யோசித்துத்தான் வாங்குகிறார்கள். அப்படி யோசித்தும்கூட மொத்தக் கூட்டமும் தப்பான கடைக்குள் போய் உட்கார முடியும். 1992-ல் அபிஜித் பானர்ஜி இதைக் கணக்குப் போட்டே காட்டினார். 2019-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் இவர்.

அவர் சொன்ன உதாரணம் இப்படிப் போகும்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெஸ். முதல் மெஸ் ஒரு மாற்றுக் கூடுதல் என்று ஊரில் பேச்சு. ஆனால் நூறு பேரில் 99 பேருக்கு இரண்டாவது மெஸ்தான் நல்லது என்று தனித்தனியாகத் துப்பு கிடைத்திருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் முதல் மெஸ் நல்லது என்று தகவல். அந்த ஒருவர் முதலில் வந்து முதல் மெஸ்ஸுக்குள் போய்விடுகிறார். அடுத்து வருபவர் அதைப் பார்க்கிறார். தன் துப்பும் அவர் துப்பும் சரிக்குச் சரி என்று நினைத்து, ஊர்ப் பேச்சை நம்பி அவரும் முதல் மெஸ்ஸுக்கே போகிறார். மூன்றாமவருக்கு உள்ளே இரண்டு இலை தெரிகிறது. அதற்குப் பிறகு யாரும் தன் துப்பைப் பொருட்படுத்துவதில்லை. நல்ல மெஸ் காலியாகவே கிடக்கிறது. இவர்களில் யாரும் முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்தவர் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரிந்தது என்ன என்பது தெரிவதில்லை. அங்கேதான் கோளாறு.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த பெற்றோர் லேப்டாப் வாங்குவதும் இப்படித்தான் நடக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதலில் இரண்டு பேர் ஒரு மாடலைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். ஒரே வாரத்தில் பாதி வகுப்பு அதே மாடல். அந்த முதல் இரண்டு பேரிடம் போய்க் கேட்டால், "ஆஃபர்ல வந்துச்சு" என்பார்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணாதீர்கள். தானாக ஒப்பிட்டுப் பார்த்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

நிறைய விக்குது, ரேட்டிங்கும் நல்லா இருக்கு. அப்போ தரம் இல்லாமலா போகும்?

2006-ல் வெளியான ஒரு ஆய்வில் 14,000 பேருக்கும் மேல் இணையத்தில் கலந்துகொண்டார்கள். கேள்விப்படாத குழுக்களின் பாட்டுகளைக் கொடுத்து, பிடித்ததை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, தன் கூட்டத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை இறக்கப்பட்டது என்று மட்டும் காட்டினார்கள். அதே பாட்டுகள்தான், ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் வரிசை மாறியது. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம், ரொம்ப மோசமானது மேலே வந்ததும் அபூர்வம். நடுவில் இருப்பவை எங்கே வேண்டுமானாலும் போய் நின்றன.

அதனால் விற்பனை எண்ணிக்கை குப்பையைக் கழித்துவிட உதவும். தேறிய நான்கில் எது உங்களுக்குச் சரி என்பதை அது சொல்லாது.

எனக்கே வேறதான் சரின்னு படுது. ஆனாலும் தனியா முடிவெடுக்கக் கை வரமாட்டேங்குது. ஏன் சார்?

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-ல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு கோட்டைத் தனியாகக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் கூட உட்கார்ந்திருந்தவர்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தபடி, ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்புக்குத் தலையாட்டினார்கள்.

இதே சோதனையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால், தலையாட்டுவது பெருமளவு குறைந்துவிட்டது. எனவே வேறு எதையாவது வாங்க நினைத்தால், அதை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரே ஒரு ஆளைத் தேடிப் போய்ப் பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் இல்லாவிட்டால் ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ இருப்பார்.

ஐபிஎம் என்ற பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரை வாங்கி யாருக்கும் வேலை போனதில்லை என்று கம்ப்யூட்டர் உலகில் பழைய சொல் ஒன்று உண்டு. மில்லில் பர்ச்சேஸ் பார்ப்பவருக்கு இது உடனே புரியும். பேர்போன பிராண்டு பழுதானால் கம்பெனிக்குத் திட்டு. பேர் தெரியாதது பழுதானால் அவருக்குத் திட்டு. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதலாளிமார்களுக்கு என் வேண்டுகோள்: வாங்கச் சொல்லும்போதே "காரணத்தை எழுதி வை, பிறகு எது நடந்தாலும் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது காரணம் அதோடு விலகிவிடும்.

எங்க பிரஸ்ல இன்னும் பேஜ்மேக்கர்தான். பழசுன்னு தெரியுது, ஆனா யாரும் விட மாட்டேங்குறாங்களே?

அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்குப் பதிலாக வந்த இன்டிசைனை அதே அடோபி நிறுவனம் 1999-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கம்ப்யூட்டர்களில் இன்னும் அந்தப் பழைய ஐகானைப் பார்க்கலாம். காரணம் வெறும் பிடிவாதம் இல்லை. பழைய பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அந்த ஃபைலில் இருக்கின்றன. ஆபரேட்டர் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர். விரல் டைப்ரைட்டர் முறைக்குப் பழகிவிட்டது. ஃபிலிம் போடும் இடம், பிளேட் போடும் இடம், ஆஃப்செட் எல்லாம் அந்த ஃபைலைத்தான் எதிர்பார்க்கின்றன. ஒருவர் மட்டும் மாறினால் அவருக்குத்தான் நஷ்டம். எல்லாரும் சேர்ந்து மாறினால் எல்லாருக்கும் லாபம். ஆனால் முதல் அடியை யார் எடுத்து வைப்பது? பிரையன் ஆர்தர் என்ற பொருளாதார அறிஞர் 1989-ல் எழுதிய கட்டுரை இந்தப் பூட்டைப் பற்றித்தான்: தொடக்கத்தில் கிடைத்த சின்ன முன்னிலை, பின்னால் உடைக்க முடியாத பிடியாகிவிடுகிறது.

இதன் விலையை அச்சகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பார்த்துவிடலாம். பெண் வீட்டார் பத்திரிகை வாசகத்தை வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்புகிறார்கள். அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிகளாக விழும். ஆபரேட்டர் கன்வர்ட்டரில் போட்டு வானவில், பாமினி போன்ற பழைய ஃபாண்ட்டுக்கு மாற்றுகிறார். பெரும்பாலும் சரியாக வரும்; "ஸ்ரீ"யிலும் கொம்பு, கால் வரும் எழுத்துகளிலும் எங்கோ ஒன்று பிசகும். தாத்தா பெயர் தப்பாக அச்சாகி, பத்திரிகையை மறுபடி அடிக்கும் அளவுக்குக்கூடப் போகும். அந்தப் பழைய ஃபைலிலிருந்து ஃபாண்ட்டை எடுத்துவிட்டால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்துகள்தான் குழம்பிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999-ல் வந்தது.

என் யோசனை இது: பழைய மாதிரிகளைத் தொட வேண்டாம். புதிதாக வரும் புத்தகம், மலர், ஆண்டறிக்கை வேலைகளை மட்டும் யூனிகோடு ஏற்கும் சாஃப்ட்வேரில் தொடங்குங்கள். டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடு அடிக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. அதனால் ஆபரேட்டர் விரலை மாற்ற வேண்டியதில்லை. பிளேட் போடுகிறவருக்கு பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். எந்தச் சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

லினக்ஸ் ஓசின்னு சொல்றீங்க. ஓசியா கிடைச்சும் ஏங்க யாரும் போகலை?

லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் இலவச சாஃப்ட்வேர். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் அதன் மையப்பகுதியான லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. இணையத்தின் பெரும்பாலான சர்வர்களும் அப்படித்தான். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டரில் பரவாததற்குக் காரணம் இரண்டாவது பதிலில் சொன்னதுதான். சாஃப்ட்வேர் இலவசம், அதைத் தெரிந்த பக்கத்துக் கடைக்காரர் இல்லை. கேரளத்தில் அரசே முன்னின்று எல்லாப் பள்ளிகளையும் ஒன்றாக மாற்றியதால், ஆசிரியருக்கு ஆசிரியர் துணை கிடைத்தது.

விண்டோஸ் 10 நின்னு போச்சாமே. எல்லாரும் புது கம்ப்யூட்டர் வாங்குறாங்க, நானும் வாங்கணுமா?

2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மிஷினில் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்கு மேலோ வேண்டும். முதலில் உங்கள் மிஷின் அதற்குத் தேறுமா என்று பாருங்கள். தேறுகிற மிஷினையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்கள் உண்டு.

தேறாவிட்டால், அதில் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் கேள்வி. டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பேங்க் வேலை என்றால் புதிது வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். பிரவுசரில் பில் போடுவது, மெயில் பார்ப்பது மட்டும்தான் என்றால், ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டு லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும்.

எங்க கொலுசுப் பட்டறைக்குன்னே ஒரு தம்பி சாஃப்ட்வேர் எழுதித் தர்றேங்கிறான். ஆனா அதை வேற யாருமே வெச்சில்லை. நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். கூட்டத்தை விட்டு விலக நியாயமான காரணம் இருக்கும் இடம் இது. பொதுவான பில்லிங் சாஃப்ட்வேர் ரூபாயில் சிந்திக்கும். பட்டறை கிராமில் சிந்திக்கும். கட்டி வெள்ளி எத்தனை கிராம், என்ன டச் (வெள்ளியின் சுத்தம்) என்று எழுதிக் கொடுக்கிறீர்கள்; கொலுசாகத் திரும்பி வரும்போது எடை, டச், சேதாரம், கூலி என்று கழித்து, மீதி வெள்ளி யார் பக்கம் நிற்கிறது என்று பார்க்கிறீர்கள். ஊரே வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் இதை அடக்க முடியாமல், பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைப்பவர்களே அதிகம். அந்த நோட்டுதான் உண்மையான கணக்கு.

ஆனால் சில விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள். மொத்தக் கணக்கையும் எக்செல்லுக்கு எடுக்கும் பட்டன் இருக்க வேண்டும். அதை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லி, வந்த எண்களை நோட்டோடு ஒப்பிடுங்கள். நிரலின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு நாளைக்குப் பெங்களூரில் நல்ல வேலை கிடைக்கலாம், கிடைக்கட்டும். உங்கள் கணக்கு அவரோடு போய்விடக்கூடாது. தீபாவளிச் சீசன் முடியும் வரை நோட்டையும் நிறுத்தாதீர்கள். ஆடிட்டருக்குப் போகும் ரூபாய்க் கணக்கு டேலியிலேயே இருக்கட்டும்.

ஏற்காட்டுல எஸ்டேட் ஆபீஸுங்க. எல்லாரும் கிளவுடுக்கு மாறுங்கிறாங்க. மாறட்டுமா?

கிளவுடு என்றால் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாமல், நெட் வழியாக வெளி சர்வரில் இருப்பது. மாறச் சொல்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து சொல்கிறார்கள்? சேலம் ஐந்து ரோட்டில் ஃபைபர் இணைப்போடு இருப்பவருக்குக் கிளவுடு நன்றாகத்தான் ஓடும். மலையில் மழையும் காற்றும் சேர்ந்து சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சாயங்காலம் ஒவ்வொருவர் பறித்த கிலோவையும் நிறுத்து எழுத வேண்டும்; கூலி அதைப் பொறுத்தது. அந்த நேரத்தில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், வரிசையில் நிற்பவர்கள் இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேர வேண்டியிருக்கும்.

நெட் இல்லாதபோது உள்ளேயே பதிந்து வைத்து, வந்ததும் ஏற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேராகப் பாருங்கள். வாங்கும் முன் ரூட்டரை அணைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதிவு போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

வாட்ஸ்அப்பை விட்டு அரட்டைக்குப் போகச் சொன்னாங்க. போய்ப் பார்த்தா அங்க யாருமே இல்லையே?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போகிறோம் என்று அறிவித்ததும் நிறையப் பேர் சிக்னல் என்ற வேறொரு மெசேஜ் செயலியை இறக்கினார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோ நிறுவனத்தின் மெசேஜ் செயலியான அரட்டைக்கு அதே மாதிரி அலை வந்தது. இறக்குவது சுலபம். உங்கள் மச்சானும், சரக்கு வாங்கும் வியாபாரியும், பிள்ளையின் வகுப்பு ஆசிரியரும் கூட வர வேண்டுமே! மெசேஜ் செயலியில் முழு மதிப்பும் எதிர்ப்பக்கத்து ஆளிடம்தான் இருக்கிறது. தனித்தனியாக மாறினால் திரும்பி வந்துவிடுவீர்கள். பட்டறை ஆர்டர் குழு மாதிரி ஒரு சின்னக் குழுவை மொத்தமாக, ஒரே நாளில் மாற்றினால் நிற்கும்.

யுபிஐ-யை யோசித்துப் பாருங்கள். 2016-ல் வந்த அந்த ஏற்பாட்டில் நீங்கள் கூகுள் பே வைத்திருக்கலாம், காய்கறிக்காரம்மா போன்பே வைத்திருக்கலாம்; பணம் போய்ச் சேரும். 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த நம்பர் மாற்றாமல் கம்பெனி மாறும் வசதியும் அப்படித்தான். விதியை அப்படி வகுத்ததால், ஊரோடு சேர்ந்திருந்துகொண்டே உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள முடிகிறது. மெசேஜ் செயலிகளுக்கும் இப்படி விதி வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பையனை என்ன படிக்க வைக்கலாம்? எல்லாரும் ஏஐ, பைத்தான்னு ஓடுறாங்க.

பொருள் வாங்குவதில் கூட்டம் உதவி. படிப்பில் அதே கூட்டம் போட்டியாகவும் வரும். கவுன்சலிங்கில் இன்று எடுக்கும் முடிவு வேலைச் சந்தைக்கு வர நான்கு வருடம் ஆகும். இன்று கூடவே ஓடுகிற அத்தனை பேரும் அன்றைக்கு அதே வாசலில் நிற்பார்கள். பைத்தான் கற்றுக்கொள்வது நல்லதே. அது 1991-ல் வெளிவந்த மொழி. நேற்று முளைத்தது இல்லை. அதோடு கணக்கு, டேட்டாபேஸ், நெட்வொர்க் அடிப்படைகளை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், மொழி மாறினாலும் தம்பி தடுமாறமாட்டான்.

எல்லாரும் ஒரே சாமானை வெச்சிருந்தா, கெட்டா எல்லாமே ஒண்ணா கெடாதா?

கெடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் பெரிய, விவரமான கம்பெனிகள்தான்.

சின்னக் கடைக்கு இதில் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பேக்கப்பை அதே கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கழற்றி, வீட்டு பீரோவில் வையுங்கள்.

நாம போய்ச் சேர்ந்த அப்புறம் கூட்டம் வேற பக்கம் திரும்பிடுச்சுன்னா?

திரும்பும். ஒரு காலத்தில் எல்லார் கையிலும் நோக்கியாதான். ஸ்ரீபெரும்புதூரில் இருந்த அதன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. திரும்புவதற்கு முன்னால் அறிகுறிகள் தெரியும்: சர்வீஸ்காரர் உதிரிபாகம் ஸ்டாக் வைப்பதை நிறுத்துவார், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அப்டேட் வருவது இழுத்துக்கொண்டே போகும். இதில் இரண்டைப் பார்த்துவிட்டால் டேட்டாவை வெளியே எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

எல்லாத்தையும் யோசிக்கச் சொல்றீங்க. ஆனா எல்லாக் கடைக்கும் நீங்களே ஒரே மாடல் பிரிண்டர்தானே போடுறீங்க?

ஆமாம், போடுகிறேன். காரணத்தையும் சொல்கிறேன், சோதித்துக்கொள்ளுங்கள். பில் அடிக்கும் கடைக்குப் பிரிண்டர் நின்றால் வியாபாரம் நிற்கும். நான் போடும் மாடலுக்கு டோனர், டிரம், பேப்பர் இழுக்கும் ரப்பர் ரோலர் மூன்றும் சேலத்தில் அன்றைக்கே கிடைக்கின்றன; என்னைத் தவிர அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் புது பஸ் ஸ்டாண்ட் பக்கமே இருக்கிறார்கள். நான் ஊரில் இல்லாத நாளிலும் உங்கள் வேலை நடக்கும். இதைவிட நன்றாக அடிக்கும் பிரிண்டர்கள் உண்டு, சந்தேகமில்லை. போட்டோ அடிக்கும் ஸ்டுடியோவுக்கு இதை நான் போடுவதில்லை. உங்களுக்கு மாதத்துக்கு எத்தனை பக்கம், கலர் வேண்டுமா, ஏ3 வேண்டுமா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அது வேறு மாடலைக் காட்டினால் அதையே போட்டுத் தருகிறேன்.